சத்தத்தில் மட்டும் கேட்ட காது

காலை பதினொன்றே கால் மணி. திண்டுக்கல் கோர்ட்டில் நிருபர்களுக்கான பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முதலில் கண்ணில் பட்டவை மாஜிஸ்திரேட்டின் உதடுகள். அவை அசைந்தன, நின்றன, மறுபடியும் ஒருமுறை அசைந்தன. அவர் பேனாவை மூடி வைத்தார். கூண்டில் நின்ற இருவரில் ஒருவன் கண்களை மூடிக்கொண்டான். பின்வரிசையில் ஒரு பெண் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது என்று இவற்றைக்கொண்டு தெரிந்துகொண்டேன். என்ன தீர்ப்பு என்று தெரியவில்லை. ஒரு சொல்கூட என் காதில் விழவில்லை.

வெளியே வந்து கோர்ட் குமாஸ்தாவிடம் கேட்டு எழுதினேன். மறுநாள் செய்தி சரியாகவே வந்தது. அப்போது அறுபதுகளின் தொடக்கம். மதுரையிலிருந்து வெளிவந்த ஒரு தினசரிக்கு நான் திண்டுக்கல் நிருபர். நாற்பது வயது ஆகவில்லை. அந்தக் காலையைத்தான் என் நோயின் முதல் நாள் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அது தவறு. நோய் அதற்குப் பல வருஷம் முன்பே வந்துவிட்டது. அன்றைக்கு நான் அதைக் கவனித்தேன், அவ்வளவுதான்.

காது மந்தமாவதில் வலி இல்லை, காய்ச்சல் இல்லை. கண் மங்கினால் மங்குவது கண் என்று தெரிகிறது. காது மங்கினால் மற்றவர்கள் மெதுவாகப் பேச ஆரம்பித்துவிட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஊரில் எல்லோரும் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள் என்று எரிச்சல்பட்டேன். ஆளின் கண்ணைப் பார்த்துப் பேசுகிற வழக்கம் போய், வாயைப் பார்த்துக் கேட்கிற வழக்கம் வந்தது. கூட்டத்தில் பிறர் சிரித்தால் நானும் சிரித்தேன். புரியாத கேள்விக்கெல்லாம் “ஆமாம், ஆமாம்” என்றேன். ரெட்டியார்சத்திரத்துக்கு ஒரு செய்திக்காகப் போய்ச் சைக்கிளில் திரும்பும்போது, பின்னால் வந்த மாட்டுவண்டியின் சலங்கை கேட்காமல் நடுரோட்டிலேயே வந்துகொண்டிருந்தேன். நுகத்தடி முதுகில் இடித்தது. வண்டிக்காரர் இறங்கி வந்து, “ஏலே அப்பு, காதுல என்ன, பஞ்சா?” என்றார். அதையும் அவர் முகத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இன்னும் இரண்டு அடையாளங்கள் உண்டு. அவற்றின் பொருள் அப்போது தெரியவில்லை. என் குரல் தணிந்துபோயிற்று. செவிடர்கள் கத்திப் பேசுவார்கள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். என் குரல் எனக்குள் பெரிதாகக் கேட்டதால் நான் அடக்கிப் பேசினேன். “என்ன ரகசியமா?” என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். இரண்டாவது, சாப்பிடும்போது எதுவுமே கேட்காது. நான் மெல்லுகிற சத்தம் தலைக்குள் செக்கு ஆடுவதுபோல் நிறைந்துவிடும். ஒரு அப்பளத்தைக் கடித்தால் வீட்டில் இருக்கிற அத்தனை ஒலியும் போய்விடும். என் மனைவி ஆரோக்கியம் என்னிடம் பேசுகிற நேரமோ சாப்பாட்டு நேரம்தான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். காலையிலிருந்து சேர்த்துவைத்ததையெல்லாம் அவள் பரிமாறிக்கொண்டே சொல்வாள். நான் தலையைக் குனிந்து மென்றுகொண்டிருப்பேன்.

ஆனால் சத்தம் உள்ள இடத்தில் எனக்கு நன்றாகக் கேட்டது. இதுதான் எல்லோரையும் குழப்பியது, என்னையும் சேர்த்து. பஸ் ஸ்டாண்டுக்கு அருகில் நண்பர் ஒருவரின் அச்சகம் இருந்தது. பிற்பகலில் அங்கே உட்கார்ந்து செய்தி எழுதுவேன். மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருக்கும்போது அங்கே பேசுகிற ஒரு சொல்லும் எனக்குத் தப்பாது. ஓடுகிற பஸ்ஸில் முன்சீட்டுக்காரர்கள் பேசிக்கொள்வது கேட்கும். மதுரைக்கு டிரங்க் கால் போட்டுச் செய்தி சொல்லும்போது மறுமுனையில் இருப்பவர் இருமுவதுகூடக் கேட்கும். அதனால் ஆபீசில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஆரோக்கியம் இதைக் கவனித்திருந்தாள். ஒருமுறை அச்சகத்துக்கே வந்து வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் உடனே திரும்பிப் பார்த்தேன். அன்று வீட்டில் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்து சொன்னாள்:

“பிரஸ்ஸுல ஊர்க்கதையெல்லாம் கேக்குது. டெலிபோன்ல மதுரைக்காரக பேசுனாக் கேக்குது. வீட்டுக்குள்ள நொழஞ்சா மட்டும் காது அடைச்சுப் போகுதாக்கும்.”

“நீ மெதுவாப் பேசுறே.”

“நான் பொறந்ததுலருந்து இப்படித்தான் பேசுறேன்.”

அது உண்மை. அவள் குரல் சிறியது. கல்யாணத்தின்போது அதையே எல்லோரும் புகழ்ந்து சொன்னார்கள்.

நான் ஒரு டாக்டரிடம் போனேன். அவருடைய டிஸ்பென்சரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருந்தது. கீழே ஹாரன், கண்டக்டர்களின் கூப்பாடு, பக்கத்தில் பூட்டுப் பட்டறையின் சுத்தியல். டாக்டர் விளக்கடித்துக் காதைப் பார்த்தார். குறும்பி இல்லை, ஓட்டை இல்லை, சீழ் இல்லை. பிறகு என்னைத் திரும்பி நிற்கச் சொல்லி, பின்னாலிருந்து ஊர்ப் பெயர்களைச் சொன்னார். “பழனி” என்றார். “பழனி” என்றேன். “வத்தலக்குண்டு.” “வத்தலக்குண்டு.” சொன்னதெல்லாம் கேட்டது. அந்த இரைச்சலில் அவர் தன்னை அறியாமல் உரக்கப் பேசினார் என்பது அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

“காது நல்லா இருக்கு. மனசுலதான் ஏதோ கவலை. ராத்திரி நல்லாத் தூங்குங்க” என்று சொல்லி ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். நான் அதை வீட்டில் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது. காது நன்றாக இருக்கிறது என்று டாக்டரே சொல்லிவிட்ட பிறகு, கேட்காததற்கு வேறு காரணம்தானே இருக்கவேண்டும்? ஆரோக்கியம் அதற்குமேல் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. சாப்பாட்டு நேரப் பேச்சும் நின்றது. அவளுடைய அண்ணன் வந்தால் அவரிடம் பேசினாள். என்னிடம் “சோறு”, “தண்ணி”, “கதவப் பூட்டுங்க” என்பதோடு சரி.

இதற்கு நடுவில் நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவதை நிறுத்திவிட்டேன். நாங்கள் கத்தோலிக்கர்கள். கோவிலில் அதற்கென்று இருக்கும் தொட்டிக்குள் சாமியார் உட்கார்ந்திருப்பார். பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் முழந்தாளிட்டு நம் பாவத்தை மெதுவாகச் சொல்லவேண்டும். அவரும் மெதுவாகப் புத்தி சொல்லி, இத்தனை மந்திரம் சொல் என்று அபராதம் விதிப்பார். வாயைப் பார்க்க முடியாது. உள்ளே இருட்டு. கோவிலோ நிசப்தம். அவர் விதித்த அபராதம் எது என்று தெரியாமல், ஒவ்வொரு முறையும் நானாக மூன்று பரலோக மந்திரம் சொல்லி முடித்துக்கொண்டேன். இது நாணயமில்லை என்று பட்டது. போவதை விட்டேன். பாவசங்கீர்த்தனம் செய்யாதவன் நற்கருணை அப்பம் வாங்கக்கூடாது என்பதால், அதற்கும் எழுந்து போகவில்லை. பூசையில் ஆண்கள் பக்கம் உட்கார்ந்தபடியே இருக்கிற என்னை ஆரோக்கியம் பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஈஸ்டரை ஒட்டிய பாஸ்கா காலம் வந்தது. வருஷத்துக்கு ஒருமுறையாவது அப்போது பாவசங்கீர்த்தனம் செய்தாகவேண்டும். அவள் கேட்டாள். இந்தமுறை எனக்குக் கேட்கும்படி உரத்தே கேட்டாள்.

“சாமியார்ட்டச் சொல்ல முடியாத பாவம் என்ன பண்ணுனீக?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாதவுக ஏன் போகல? அச்சாபீசு, பஸ்ஸு, டெலிபோனு. அங்கிட்டு யாரு இருக்கா?”

மறுநாள் போனேன். பெரிய வரிசை. என் முறை வந்தது. சொன்னேன். தடுப்புக்குப் பின்னாலிருந்து மூச்சுக்காற்று வந்தது, சொல் வரவில்லை. “சாமி, கேக்கல” என்றேன். மறுபடியும் மூச்சு. “கேக்கல சாமி.” மூன்றாவது முறை அவர் பொறுமை இழந்தார். “அம்பத்து மூணு மணி ஜெபமாலை சொல்லு” என்று அவர் சொன்னது வரிசை முழுவதற்கும் கேட்டது. எழுந்து திரும்பினேன். வரிசையில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். முழு ஜெபமாலை சாதாரணப் பாவத்துக்கு விதிக்கிறதில்லை. எனக்கு அடுத்து நின்றவர் ஒரு சுருட்டு வியாபாரி. அவர் அரை அடி விலகி வழிவிட்டார்.

அன்று மாலை சாமியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். வயதானவர். நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே ஆரோக்கியத்திடம் பேசினார். அவர் சொன்னதை அவள் பிற்பாடு சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். “இவருக்குக் காது கேக்கல தாயி. நான் முப்பது வருசமா அந்தத் தொட்டிக்குள்ள உக்காந்திருக்கேன். கேக்காதவன் யாரு, கேட்டும் கேக்காதவன் யாருன்னு எனக்குத் தெரியும். மதுரைக்குக் கூட்டிட்டுப் போ.”

மதுரை பஸ்ஸில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். சின்னாளபட்டி தாண்டுவதற்குள் அவள் பேச ஆரம்பித்துவிட்டாள். முதலில் அவளுடைய அண்ணன் மகளுக்கு வந்த வரன். பிறகு அடுத்த வீட்டுக்காரர்கள் எங்கள் பக்கம் கூரை ஓட்டு நீர் விழும்படி தாழ்வாரம் இறக்கியது. பிறகு முழங்கால் வலி. நான் பதில் சொன்னேன். கேள்வி கேட்டேன். கொடைரோட்டில் பஸ் நின்று பயணிகள் இறங்கிக்கொண்டிருக்கும்போது அவள் என்னையே பார்த்தாள்.

“இம்புட்டு நேரம் பேசுனதெல்லாம் கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“எல்லாமா?”

“எல்லாம்தான்.”

“அப்ப எதுக்குப் போறோம்? எறங்குங்க, திரும்பிருவோம்.”

அவள் எழுந்தே விட்டாள். கண்டக்டர், “மதுரைக்குத்தானம்மா டிக்கட் வாங்குனீக?” என்றார். அதனால் உட்கார்ந்தாள்.

காது மூக்குத் தொண்டை டாக்டரின் அறைக்கு வெளியே நீண்ட வராந்தா. காத்திருந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மில் தொழிலாளி தன் மனைவி பேசும்போது உள்ளங்கையைக் காதுக்குப் பின்னால் குவித்து வைத்துக்கொண்டார். ஒரு இளைஞன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். எலும்புருக்கி என்கிற காசநோய்க்கு ஊசி போட்டதில் நெஞ்சு சுகமாகி, காதும் நடையின் சமநிலையும் போய்விட்டன என்று அவன் தகப்பனார் சொன்னார். ஒரு தாயின் மடியில் சீழ் வடிகிற காதோடு குழந்தை. எல்லோரும் ஒரே வியாதிக்கு வந்தவர்கள்போலத்தான் இருந்தார்கள். உள்ளே போனபிறகுதான் ஒவ்வொன்றும் வேறு என்று தெரிந்தது.

டாக்டர் எந்தக் கேள்வியும் கேட்பதற்கு முன் கதவையும் ஜன்னலையும் சாத்தச் சொன்னார். அறை நிசப்தமானது. அவர் வாயைத் தாளால் மறைத்துக்கொண்டு பேசினார். தாள் அசைந்தது. எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஆரோக்கியம் அவரையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள்.

அடுத்து இரண்டு கிளையுள்ள ஒரு இரும்புக் கவையை முழங்காலில் தட்டி, என் காதுக்கு எதிரே பிடித்தார். ஒன்றுமில்லை. அதன் அடிக்காம்பைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தி வைத்தார். கோவில் மணி நின்ற பிறகு வருகிற ரீங்காரம்போல் தலை முழுவதும் நிறைந்தது. “எது பெருசு?” என்று சைகையில் கேட்டார். எலும்பைக் காட்டினேன். “நல்ல காதுக்குக் காற்று வழிதான் பெருசாக் கேக்கணும்” என்று உரக்கச் சொன்னார். “உங்களுக்கு உள்ளே நரம்பு உயிரோட இருக்கு. அதுவரைக்கும் சத்தம் போற வழிதான் அடைச்சிருக்கு.”

பிறகு கேட்டார்: “பஸ்ல எப்படி? நல்லாக் கேக்குமா?”

நான் பதில் சொல்லுமுன் ஆரோக்கியம் முந்திக்கொண்டாள். “பஸ்ல நல்லாக் கேக்குது டாக்டர். இப்ப வரும்போதுகூட எல்லாம் கேட்டாக. வீட்டுலதான் கேக்காது. நானும் அதைத்தான் கேக்கேன்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “இதைச் சொல்லாம விட்ருவாங்களோன்னுதான் நானே கேட்டேன். இந்த வியாதிக்கு இதுதாம்மா அடையாளம்.”

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். செவிப்பறைக்கு உள்ளே மூன்று குட்டி எலும்புகள் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. ஒன்று சுத்தியல்போல், ஒன்று பட்டடைபோல், மூன்றாவது குதிரைச் சேணத்தில் கால் வைக்கிற அங்கவடிபோல். அங்கவடி எலும்பு அரிசியைவிடச் சிறியது. சத்தம் வரும்போதெல்லாம் அது ஆடவேண்டும். சிலருக்கு அதன் அடியைச் சுற்றிப் புது எலும்பு வளர்ந்து அதை இறுக்கிவிடுகிறது. “திண்டுக்கல்காரர்தானே? பூட்டுல துரு ஏறி நாக்கு அசையாமப் போகுமில்ல, அது மாதிரி” என்றார். சுற்றிலும் இரைச்சல் இருந்தால் பேசுகிறவர்கள் தானாகக் குரலை உயர்த்துகிறார்கள். மற்றவர்களுக்கு அந்த இரைச்சல் இடைஞ்சல். எனக்கு இரைச்சலே காதுக்குள் போகாததால், உயர்ந்த குரல் மட்டும் தெளிவாக விழுகிறது. டெலிபோனும் காதில் அழுத்திக் கேட்பதால் அப்படித்தான்.

“உங்க வீட்டுல யாருக்காவது இருந்துதா?”

என் அப்பா பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தவர். அவருக்குக் காது மந்தம். சுத்தியல் சத்தத்தால் போயிற்று என்று ஊரில் சொன்னார்கள். அதைச் சொன்னேன்.

“பட்டறைக்குள்ள அவருக்குப் பேச்சு கேக்குமா?”

யோசித்தேன். கேட்கும். அப்பாவிடம் ஏதாவது சொல்லவேண்டுமென்றால் அம்மா என்னைப் பட்டறைக்குத்தான் அனுப்புவாள்.

“சத்தத்தால போன காதுக்குச் சத்தத்துல இன்னும் மோசமாக் கேக்கும். வெளியே உக்காந்திருக்காரே மில்காரர், அவருக்கு அப்படி. உங்க அப்பாவுக்குப் பட்டறை மேல பழி போட்டுட்டாங்க. இது வீட்டு வழி.”

வழி இரண்டு உண்டு என்றார். ஒன்று, காதில் மாட்டுகிற கருவி. தீப்பெட்டிக் கட்டு அளவு ஒரு பெட்டியைச் சட்டைப் பையில் வைத்து, அதிலிருந்து ஒரு ஒயரைக் காதுக்குக் கொண்டுபோகவேண்டும். மற்றொன்று ஆபரேஷன். இறுகிய எலும்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மெல்லிய கம்பி ஒன்றை வைப்பது. பெரும்பாலும் பலிக்கும். சிலருக்கு உள்காது கெட்டு, இருக்கிற கொஞ்சமும் போய்விடும். போனால் திரும்ப வராது.

திரும்புகிற பஸ்ஸில் வாடிப்பட்டி தாண்டியதும் ஆரோக்கியம் கேட்டாள்: “சாப்பிடும்போது நான் பேசுனது?”

“கேக்கல.”

“ஒண்ணுமேவா?”

“ஒண்ணுமே.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கருவியை இரவல் வாங்கிச் சில வாரம் மாட்டிப் பார்த்தேன். கோர்ட்டில் உதவியது. மாஜிஸ்திரேட் பேசியது கேட்டது. அவருடைய நாற்காலி கிறீச்சிட்டதும் என் சட்டை உரசியதும் அதே அளவுக்குக் கேட்டன. வீட்டில் அது பயன்படவில்லை. ஆரோக்கியம் என்னிடம் பேச வருவாள், ஒயரைப் பார்ப்பாள், என் சட்டைப் பையைப் பார்ப்பாள். அவள் பேச்சு நின்றுவிடும். “பெட்டிட்டப் பேச எனக்கு வரல” என்று ஒருநாள் சொன்னாள். இதில் அவளைக் குறை சொல்ல முடியாது.

ஆபரேஷனுக்குச் சம்மதம் சொல்லப் போனபோது டாக்டர் கேட்டார். “கருவி வச்சுக்கிட்டு வேலை நடக்குதுன்னீங்களே. அப்புறம் எதுக்கு இந்த ரிஸ்க்?”

“வீட்டுல கேக்கணும்” என்றேன்.

வலது காதை முதலில் செய்வது என்று முடிவாயிற்று.

வார்டில் எனக்கு அடுத்த கட்டில்காரர் பழனிக்குப் பக்கம் பாலசமுத்திரத்தைச் சேர்ந்த தென்னந்தோப்பு விவசாயி. தலையைச் சுற்றிப் பெரிய கட்டு. கட்டு ஒரு காதை மூடியிருந்தது, மற்றது ஓரளவு கேட்கும். நான் பத்திரிகைக்காரன் என்று தெரிந்ததும் கட்டிலை விட்டு இறங்கி வந்து உரத்த குரலில் பேசினார்.

“ஏனுங்க, என்ர காதப் பத்தி எழுதிப் போடுங்க.”

“என்ன எழுத?”

“சின்னப் பையனா இருக்கறப்போ கெணத்துல குதிச்சனுங்க. காதுல சீழு வந்துது. பூண்டு போட்டு எண்ணெ காச்சி ஊத்துனாங்க. ஊத்துனா நிக்கும், மறுக்கா வரும். முப்பது வருசம் ஊத்தியிருக்கறனுங்க. ஒரு செக்கு எண்ணெ குடிச்சிருக்குமுங்க இந்தக் காது.”

“டாக்டர் என்ன சொல்றாரு?”

“பறையில ஓட்டைங்களாமா. ஓட்டை வழியா எண்ணெ உள்ளார போயி எலும்பையே அரிச்சுப் போட்டுதாமா. இன்னுங் கொஞ்ச நாள் உட்டிருந்தா மூளைக்குப் போயிருக்குமாமுங்க.” தலைக்கட்டைத் தொட்டுக் காட்டிச் சொன்னார்: “மூளைக்குப் போயிருந்தாப் பரவால்லீங்க, அங்க ஒண்ணும் கெடையாதுன்னு சம்சாரம் சொல்றா.”

அவர் சொன்னதை இங்கே எழுதிவிட்டேன். சீழ் வடிகிற காதில் எண்ணெய் ஊற்றக்கூடாது, தண்ணீர் புகவிடக்கூடாது, குச்சி விடக்கூடாது. வலி இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று ஆகாது.

ஆண்கள் வார்டுக்குள் பெண்கள் படுக்கக்கூடாது. ஆரோக்கியம் வராந்தாவில் பாய் விரித்துக்கொண்டாள். வேளைக்கு வேளை வெளியே போய்ச் சமைத்து எடுத்து வந்தாள். அப்பளமோ வறுத்ததோ எதுவும் கிடையாது. குழையவைத்த சோறு, தொட்டுக்கொள்ள மென்மையான வெஞ்சனம். மெல்லுகிற சத்தம் இருக்கக்கூடாது என்று அவளே கண்டுபிடித்திருந்தாள். அப்படியும் சாப்பிடும்போது பேசவில்லை. விளக்கு அணைந்தபின் வார்டில் எனக்கு எந்த ஒலியும் இல்லை. வலது காதுக்குள் மட்டும் தூரத்து ரைஸ்மில் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். அது வெளியே இல்லை, என் தலைக்குள் இருக்கிறது என்பது தெரியும். ஆனாலும் அது ஒன்றுதான் துணை. ஆபரேஷன் தவறிப்போனால் அந்த ரைஸ்மில் மட்டும் மிஞ்சும் என்று நினைத்துக்கொண்டு படுத்திருப்பேன்.

ஆபரேஷன் மேஜையில் மயக்கம் கொடுக்கவில்லை. காதைச் சுற்றி மட்டும் ஊசி போட்டு மரக்கவைத்தார்கள். தலையை இடப்பக்கம் திருப்பிவைத்துப் பச்சைத் துணியால் மூடினார்கள். டாக்டர் ஒரு பெரிய பூதக்கண்ணாடிக் கருவி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். செவிப்பறையைப் புத்தகத் தாளைத் திருப்புவதுபோல் ஒருபக்கம் மடித்து வைப்போம் என்று முன்னமே சொல்லியிருந்தார். சுரண்டுகிற ஒலி எலும்பு வழியாக இடிபோல் வந்தது. நாக்கின் வலப்பக்கம் காசை நக்கியதுபோல் ருசி. ஒரு கணம் மேஜையே சுழன்று கவிழ்ந்தது. பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். காதுமடலிலிருந்து எடுத்த துளிக் கொழுப்பைக் கம்பியின் நுனியில் கட்டி, எலும்பு இருந்த துளையில் வைத்தார்கள்.

அப்போது கத்தரிக்கோல் ஒன்று தட்டில் விழுந்தது. அது கேட்டது. எலும்பு வழியாக அல்ல, வெளியிலிருந்து. தொடர்ந்து துணி உரசுவது கேட்டது. நர்ஸின் செருப்பு கேட்டது.

டாக்டர் மிகத் தணிந்த குரலில், “கேக்குதா?” என்றார்.

“கேக்குது” என்று கத்தியேவிட்டேன்.

“சத்தமாச் சொல்லவேண்டாம்” என்றார்.

பிறகு சில நாட்கள் தலைசுற்றல். கட்டிலில் திரும்பினால் கூரை திரும்பும். மூக்குச் சிந்தக்கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்துகொள்ளவேண்டும், குனியக்கூடாது. காதுக்குள் திணித்திருந்த கட்டினால் கேட்டது மறுபடி அடைந்துபோயிற்று. மேஜையில் கேட்டது நிஜம்தானா என்ற பயம் வந்தது. கட்டைப் பிரித்த அன்று டாக்டர் கவையைத் தட்டிக் காதுக்கு எதிரே பிடித்தார். காற்று வழியாகவே கேட்டது. “கொஞ்ச நாள் போனா இன்னும் தெளியும். பஞ்சு வச்சுக்குங்க” என்று சொல்லி அனுப்பினார்.

ஆரோக்கியத்திடம், “பரவாயில்லை, கொஞ்சம் கேக்குது” என்று மட்டும் சொன்னேன். காதில் பஞ்சு இருந்தது. கொஞ்சம் என்றால் சத்தம் போட்டால் கேட்கும் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அடுப்படி அடுத்த அறை. அங்கிருந்து பேச்சுக்குரல் வந்தது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஒரு குரல் ஆரோக்கியத்தினுடையது. இன்னொன்று சற்றுத் தடித்த குரல்.

“உப்புக் கொறஞ்சுருச்சோ?”

“இல்ல, சரியாத்தான் இருக்கு. நீ செத்த நேரம் உக்காரு. காலைலருந்து நின்னுக்கிட்டே இருக்கே.”

“உக்காந்தா யாரு வெஞ்சனம் வைக்கிறது?”

“மெதுவா வையி. முழங்கால் எப்படி இருக்கு?”

“இருக்கு.”

“இருக்குன்னா?”

“நீங்க கேட்டீகள்ல, அதுல கொஞ்சம் கொறஞ்சுருச்சு.”

ஒரு சிரிப்பு. எழுந்து நிலைப்படி தெரிகிற இடம்வரை நகர்ந்து பார்த்தேன். அவள் தனியாக இருந்தாள். அவள் வாயிலிருந்தே வந்த அந்தத் தடித்த குரல் என்னுடையது.

அடுத்து வந்த காலைகளிலும் கேட்டேன். அங்கே இருந்தவர் அவள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். அடுத்த வீட்டுத் தாழ்வாரத்தைப் பற்றிப் பேசினார். கோர்ட்டில் நடந்த ஒரு ஆடு திருட்டு வழக்கை அவளுக்கு விவரமாகச் சொன்னார். அது நான் ஆபரேஷனுக்கு முன் எழுதிப் பத்திரிகையில் வந்தது. வாசகங்கள்கூட என்னுடையவை. எங்கே நிறுத்தவேண்டுமோ அங்கே நிறுத்தினார். அவள் ரசித்துச் சிரித்தாள். அவள் கோபித்துக்கொண்டால் அவர் தணிந்து போனார். வரப்போகிற மழையைப் பற்றி இருவரும் வெகுநேரம் பேசினார்கள். இது எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. பேச்சு வெகு பழக்கப்பட்டதாக இருந்தது.

ஒரு காலையில் அவள் கேட்டாள்: “ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு வருவமா?”

தடித்த குரல் வருவதற்குள், முன்னறையிலிருந்து, “போகலாமே” என்றேன்.

அகப்பை சட்டியில் தட்டுப்பட்டது. அடுப்பில் விறகு வெடித்தது. அது கேட்டது. ஆரோக்கியம் நிலைப்படியில் வந்து நின்றாள். முதலில் என் வலது காதைப் பார்த்தாள், பஞ்சைப் பார்த்தாள்.

“எப்பருந்து?”

“வந்த மறுநாள்லருந்து.”

அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். மத்தியானம் இலை போட்டு, “சோறு வைக்கவா?” என்று உரத்த குரலில் கேட்டாள். அவ்வளவு உரக்கக் கேட்கத் தேவையில்லை என்றேன். “சரி” என்றாள். சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தாள். ஏதாவது சொல் என்றேன். “என்ன சொல்ல, எல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்றாள். ஞாயிற்றுக்கிழமை அவள் அண்ணன் வீட்டுக்குப் போய் வந்தோம். என் காது குணமானதில் எல்லோருக்கும் சந்தோஷம். பாயசம் வைத்தார்கள்.

திரும்பி வந்ததும், அடுப்படிக்குள் பூனை நுழைகிறது என்று அவள் சொன்னாள். எங்கள் வீடு கட்டின நாளிலிருந்து அடுப்படிக்குக் கதவில்லாத நிலை மட்டும்தான் உண்டு. அந்த வாரம் ஆசாரி வந்து வேப்பம்பலகையில் ஒற்றைக் கதவு ஒன்று செய்து, அவள் சொன்னபடி உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்து மாட்டிவிட்டுப் போனார்.